நாக்கம்மா சொன்ன ருசி

சூப் பொடி தொழிற்சாலையில் அவளுக்கு நாக்கம்மா என்றுதான் பேர். பதினெட்டு வருஷமாகக் காலை பத்து மணிக்கு ஒரு கிண்ணம், ஒரு கரண்டி. அவள் "நல்லாருக்கு" என்றால்தான் சரக்கு வெளியே போகும். அப்பேர்ப்பட்ட நாக்கு, மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு செத்துப்போயிற்று. சர்க்கரையும் சாம்பலும் அவளுக்கு ஒன்றுதான். வெளியே சொன்னால் வேலை போய்விடுமே! கூட ருசி பார்க்கும் பெரியவரின் முகத்தை ஓரக்கண்ணால் கவனிப்பாள். அவர் புருவம் சுருங்கவில்லையென்றால் "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த "நல்லாருக்கு" இப்போதெல்லாம் அவள் குரலில் வருவதில்லை. போன வருஷம் செத்துப்போன அக்காவின் குரலில் வருகிறது. அதே இளைத்த குரல், அதே இழுப்பு.

அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இவள்தான் சூப் வைத்துக் கொடுத்தாள். ஒருநாள் ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ருசியே இல்லடி."

"ஊருக்கே ருசி சொல்றவ நானு, எனக்கேவா? உனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு. குடி அக்கா, குடிச்சாதான் எழுந்து நடப்பே."

அக்கா கிண்ணத்தைக் காலி பண்ணினாள். "நல்லாருக்கு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசிய வார்த்தை.

இந்த மாதம் புதுப் பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் 'டெலிஷியஸ்' என்று போட்டார்கள். ரொம்ப ருசி என்று அர்த்தம், அது நாக்கம்மாவுக்கும் தெரியும். பாக்கெட்டுக்கு வாசகம் எழுதும் பெண் ஒரு வாயாடி. சாப்பாட்டு நேரத்தில் மேற்கொண்டும் அவிழ்த்துவிட்டாள்.

"இது லத்தீன்லேருந்து வந்த வார்த்தையாம். வேரைத் தேடிப் போனா, ஆசை காட்டி இழுக்கிறதுன்னு அர்த்தம் வருது. வா வான்னு கூப்பிட்டு இழுத்துட்டுப் போறது!"

நாக்கம்மா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினாள். எழுந்து நடப்பாய் என்று ஆசை காட்டியது யார்? இப்போது தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னை இழுப்பது யார்?

மறுநாள் பெரியவர் லீவு. பார்ப்பதற்கு முகம் இல்லை. எதிரில் மேனேஜர் நின்றார். அவள் கரண்டியை வாயில் வைத்தாள். வெந்நீர் மாதிரி இறங்கியது. "நல்லாருக்கு" தொண்டை வரை வந்துவிட்டது, அக்கா குரலோடு. போதும் சாமி, வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"ருசியே இல்ல சார்."

மேனேஜர் சிரித்தார். "என்னம்மா, நாக்கு செத்துப்போச்சா?"

ஆமாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவரே ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"அடடா, உப்பே போடலையே! நல்லவேளை, நீங்க இருந்தீங்க!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வேலை பிழைத்தது. அவள் மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் ருசி பார்த்து அலுத்த வாய் என்று, வீட்டில் சமைப்பதை அவள் ஒருநாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு அக்காவின் சூப்பில் உப்புப் போட்டாளா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.