இரண்டு கந்தசாமிகளும் லோகேஸ்வரியும்

1. கவுண்டரில் ஒரு காலை

"அப்பாவுக்கு இரத்தம் எடுத்தது ஆர்?"

காலை எட்டரை மணி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் லாப் இருந்தது. கவுண்டரில் நின்று கத்திய பெண்ணின் தகப்பன் கந்தசாமி, எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். மூன்று நாளைக்கு முன் வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்தவர். எங்கள் ரிப்போர்ட்டில் சுகர் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. அதைப் பார்த்து அவருடைய டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசை போட்ட இரண்டாம் நாள் மனிதர் வேர்த்துக் கொட்டி, குளியலறையில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் அவருக்குச் சுகர் வருத்தமே இல்லை. இல்லாத வருத்தத்துக்கு மருந்து போட்டதில் உயிர் போகப் பார்த்திருக்கிறது.

அன்று இன்னொரு கந்தசாமியும் வந்திருந்தார். நாற்பத்தாறு வயது, புடவைக்கடை வைத்திருப்பவர். அவருக்குச் சுகர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தோம். இரண்டும் மாறிவிட்டது என்பது எனக்கு உடனே விளங்கியது. வரவேற்பில் இருந்த சிங்களப் பிள்ளை இனோகாவைக் கொண்டு கடைக்காரருக்குப் போன் எடுப்பித்து, மறுபடி இரத்தம் கொடுக்க வரச் சொன்னேன்.

எங்கே மாறியது? இரண்டு இடத்தில் மாறலாம். இரத்தம் எடுப்பவர் ட்யூபில் லேபலை மாற்றி ஒட்டியிருக்கலாம். அல்லது, டெஸ்ட் செய்பவர் முடிவை வேர்க் ஷீட்டில் வரி மாற்றி எழுதியிருக்கலாம். இரத்தம் எடுத்தது லோகேஸ்வரி. டெஸ்ட் செய்து எழுதியது தலைமை டெக்னீஷியனான நான்.

"அந்தத் தோட்டக்காட்டுப் பிள்ளைதானே எடுத்தது?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு அண்டைக்கே மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்தது."

"ஓம்," என்றேன் நான். "அவதான் லேபல் ஒட்டினவ."

பொய் சொல்கிறேன் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2. எந்த ஊர்?

லோகேஸ்வரி எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தொன்பது. மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டியில் ட்ரெயினிங் முடித்து, அங்கே நாலு வருடம் வேலை பார்த்தவள். கொழும்பில் தங்கச்சியோடு கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்திருந்தாள். குழந்தைப் பிள்ளைகளின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடிப்பாள். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவாள்.

முதல் நாள் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊர்?" இரண்டாவது கேள்வி, "இங்கிலிஷில இருக்கிற ஃபோர்ம் எல்லாம் வாசிப்பீரோ?" அவளுடைய சேர்ட்டிஃபிக்கேட் என் மேசையில் விரித்தபடி கிடந்தது. அது இங்கிலிஷில்தான் இருந்தது.

"வாசிப்பேன் மிஸ்," என்றாள்.

பத்து மணித் தேத்தண்ணியை அதுவரை ஆளுக்கொரு நாள் போட்டு வந்தோம். அவள் வந்தபிறகு அது அவளுடைய வேலையாகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. "உங்கட ஊர்த் தேயிலைதானே, உங்கட கையால குடிச்சாத்தான் ருசி" என்று நானே பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். அது சிரிப்பு இல்லை என்று எனக்கு விளங்க எட்டு மாதமும் ஒரு பொலிஸ் நிலையமும் தேவைப்பட்டன.

என்னை நான் நல்ல மனுசி என்றே நினைத்திருந்தேன். பழைய சீலைகளை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். செக்பொயின்றில் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் ஆமிக்காரன் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னால், அன்று முழுக்க எனக்கு நெஞ்சு எரியும். குண்டு வெடித்த செய்தி வரும் நாட்களில் இனோகா என் கைப்பையை ஒருதரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்புவாள். அதைக் கவனிக்க எனக்குத் தெரிந்திருந்தது. என் பார்வையைக் கவனிக்கத் தெரியவில்லை.

3. "பாருங்க மிஸ்"

போஸ்ட்மாஸ்டரின் மகள் போனபிறகு டொக்டர், அதாவது லாபின் சொந்தக்காரர், எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

லோகேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நேராகப் பேசினாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரு சார். அதனால வயசு கேட்டு லேபல்ல எழுதினேன். சிவப்புப் பேனையால கோடும் போட்டேன். ட்யூப் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும். பாருங்க மிஸ்."

மிச்ச சாம்பிளை ஒரு கிழமை ஃப்ரிட்ஜில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அறையிலிருந்து ஃப்ரிட்ஜ் பத்து அடி. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது இது:

"இவவுக்கு வாய் கூட, டொக்டர். பிழை விட்டால் ஒத்துக்கொள்ள வேணும்."

"அப்ப வேலையால நிப்பாட்டுவம்," என்றார் அவர். "வெள்ளவத்தைச் சனத்துக்கு ஒரு பதில் சொல்ல வேணும் எனக்கு. கடிதத்தையும் வாங்கிப் போடுங்கோ."

அந்தக் கடிதம் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வந்து கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் பதிந்துகொள்ள வேண்டிய யுத்த காலம் அது. எதற்காக இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் காட்டுவதற்கு, வேலைத்தலத்துக் கடிதம் ஒன்றைப் பையில் வைத்திருப்போம். லோகேஸ்வரி அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி என் மேசையில் வைத்தாள்.

"நீங்களாச்சும் பாப்பீங்கன்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

4. ஃப்ரிட்ஜ்

நாலாம் நாள் பழைய சாம்பிள்களை எறிவதற்காக ஃப்ரிட்ஜைத் துப்புரவு செய்தேன். பின்வரிசையில் இரண்டு ட்யூப்களும் நின்றன. கந்தசாமி, 71. கந்தசாமி, 46. முத்து முத்தான எழுத்து. இரண்டிலும் வயதின் கீழே சிவப்புக் கோடு.

இரண்டையும் மறுபடி ஓட்டினேன். 71இல் சுகர் சரியாக இருந்தது. 46இல் கூடியிருந்தது. லேபலில் பிழையே இல்லை. வேர்க் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றாம் வரியின் முடிவு பதினான்காம் வரியிலும், பதினான்காம் வரியின் முடிவு பதின்மூன்றாம் வரியிலும் இருந்தன. அது என் கையெழுத்து.

நான் என்ன செய்தேன்? ட்யூப்களை எறியாமல் ஃப்ரிட்ஜிலேயே விட்டு, ஷீட்டை மடித்து மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வேறு இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் கோபம் வருகிற ஆள் அந்த இரண்டு நாட்களில் இருந்த நான்தான்.

5. போன்

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. இனோகா எடுத்தாள். பேசும்போதே முகம் மாறியது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மிஸ், பொலிஸ். கொட்டாஞ்சேனையில விடிய ரவுண்ட்அப், வீடு வீடாச் செக் பண்ணியிருக்காங்க. லோகேஸ்வரியைக் கொண்டு போயிட்டாங்க. கடிதம் இல்லையாம். இங்க வேலை செய்யுறவவா எண்டு கேக்குறாங்க."

டொக்டர் அறைக்குள்ளிருந்து கை காட்டினார். "இல்லை எண்டு சொல்லுங்கோ. உண்மைதானே."

ரிசீவரை நான் வாங்கினேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், ஓம், இங்கேதான் வேலை, கடிதத்தோடு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். பிறகு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து கடிதத்தை அடித்தேன். டொக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"உமக்கேன் தேவையில்லாத வேலை? நீர் யாழ்ப்பாணம். உம்மையும் பிடிச்சு வைப்பாங்கள்."

"பிழை விட்டது நான், டொக்டர். வந்து சொல்லுறன்," என்று என் பெயரிலேயே கையெழுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

6. வாங்கு

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். என் கடிதத்தைப் படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம கொஹெத?" என்றார்.

ஊர் எது என்று கேட்கிறார். யாழ்ப்பாணம் என்றேன்.

"ஆ," என்று சிரித்தார். சகோதரர்கள் இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள், கடைசியாக எப்போது ஊருக்குப் போனேன் என்றெல்லாம் கேட்டார். பிறகு சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்காரச் சொன்னார். கூட்டிக்கொண்டு போக வந்த நானும் இப்போது உள்ளே இருக்க வேண்டியவளாகிவிட்டேன்.

வாங்கின் மறுமுனையில் லோகேஸ்வரி இருந்தாள். விடியற்காலையில் இழுத்து வந்தபோது போட்டிருந்த வீட்டுச் சட்டையோடு, பல்லும் தீட்டாமல், ஒரு காலில் மட்டும் செருப்போடு. என்னைப் பார்த்தாள்.

இரண்டு மணித்தியாலம் போனது. பிறகு அவள்தான் எழுந்து சார்ஜன்ட்டின் மேசைக்குப் போனாள். சிங்களத்தில் நிதானமாகப் பேசினாள். இந்த அம்மா என்னுடைய லாபில் பெரியவர், எனக்காகத்தான் வந்தார், லாபுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள் என்றாள். சார்ஜன்ட் போன் பண்ணினார். மறுமுனையில் இனோகா. ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டார்கள். நான் கையெழுத்திட்ட கடிதம் பிரிக்கப்படாமலே மேசையில் கிடந்தது. என் எழுத்தைவிட ஒரு சிங்களப் பிள்ளையின் குரல் பெரிது. அது இனோகாவின் குற்றம் இல்லை. ஆனால் அடுத்த நாள் அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "நான் பொலிசுக்குச் சொன்னேன் மிஸ், நீங்க மத்தத் தமிழ் ஆக்கள் மாதிரி இல்லை எண்டு." நன்றி சொல்லவும் முடியாமல், திட்டவும் முடியாமல் நின்றேன்.

பஸ் தரிப்பிடத்தில் லோகேஸ்வரி கேட்டாள். "லேபல் பாத்தீங்களா மிஸ்?"

"பார்த்தனான். பிழை என்ர."

"எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு, மூண்டு நாளைக்கு முந்தி."

அவள் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் வந்து போனது. ஏறவில்லை.

"அந்தக் கந்தசாமி ஐயா மகளைக் கூப்பிடுங்க," என்றாள் கடைசியில். "சாரும் இருக்கணும். நானும் இருக்கணும். அங்க வச்சு சொல்லுங்க."

7. "மனுசர்தானே"

இரண்டு நாள் கழித்து அந்த மூன்று பேர் முன்னாலும் ட்யூப்களையும் வேர்க் ஷீட்டையும் வைத்துச் சொன்னேன். லேபல் சரி, வரியை மாற்றி எழுதியது நான், பார்க்காமல் இந்தப் பிள்ளையின் தலையில் போட்டதும் நான். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். என் வேலை போகும், போனால் சரி என்றுதான் நினைத்தேன்.

போஸ்ட்மாஸ்டரின் மகள் என் கையைப் பிடித்தாள்.

"ஐயோ மிஸ், அழாதேங்கோ. மனுசர்தானே, பிழை வரும்தானே. ஒரு நாளைக்கு எத்தினை டெஸ்ட் செய்யிறியள். அப்பாவும் இப்ப சுகம்."

"அதுதானே," என்றார் டொக்டர்.

அதே பிழை. அதே தகப்பன். அதே குளிசை. லோகேஸ்வரி செய்ததாக இருந்தபோது அது அவளுடைய பிறப்பின் குறை. நான் செய்தபோது வேலைப்பளு. இதை நான் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அந்த அறையிலேயே லோகேஸ்வரி கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நான் மனுசியா இல்லையாங்க?"

அந்தப் பெண் உண்மையாகவே திகைத்துப் போனாள். "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே தங்கச்சி? நாங்கள் ஆளைப் பார்த்துக் கதைக்கிற ஆக்கள் இல்லை." நடிப்பு இல்லை. தான் சொன்னது அவளுக்கு ஞாபகமே இல்லை. காயப்பட்டவளைப் போலக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். லோகேஸ்வரி மறுத்துவிட்டாள். "லேபல் சரிங்கிறத நீங்க தெரிஞ்சுக்கிட்டீங்க சார். அடுத்த தடவ ஏதாச்சும் நடந்தா திரும்பவும் என்னத்தான் பாப்பீங்க." என்னிடம் ஒரு அனுபவக் கடிதம் கேட்டாள். நடந்ததை உள்ளபடி எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதோடு போய்ப் பொரளையில் ஒரு லாபில் சேர்ந்தாள். சில வருடத்தில் அங்கே பொறுப்பாளர் ஆனாள். வழியில் கண்டால் நின்று கதைப்பாள். வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். அது அவளுடைய உரிமை.

எனக்கு ஒரு வோர்னிங் கடிதம்கூட வரவில்லை. இன்னும் பதினேழு வருடம் அதே கதிரையில் இருந்தேன். அந்த வருடங்களில் என்னிடம் வேலை பழகிய எல்லோருக்கும் ஒன்றைக் கட்டாயமாக்கினேன். பிழை நடந்தால் ட்யூப், ரெஜிஸ்டர், வேர்க் ஷீட் மூன்றும் மேசைக்கு வரும்வரை ஒருவருடைய பெயரும் சொல்லக் கூடாது. பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. இருக்கட்டும்.

உங்களுக்கும் ஒருநாள் ஒரு பெயர் தானாக வாயில் வரும். யோசிக்காமல் வரும், நிச்சயமாக இருக்கும், பக்கத்தில் நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். அந்த நேரம் எழுந்து போய்ப் பாருங்கள். நான் எழுந்து போகாததால் ஒரு பெண் விடியற்காலையிலிருந்து மத்தியானம் தாண்டியும், ஒற்றைச் செருப்போடு பொலிஸ் வாங்கில் இருந்தாள்.