மடவளையில் கரண்ட் போன மத்தியானம்

பெட்ரோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருசம் அது. கட்டுகஸ்தோட்டை ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒஃபிஸ் இருந்தது. கண்டியைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கிளினிக்குகளுக்கு டொக்டர் சனலிங் செய்து கொடுப்பதுதான் தொழில். நோயாளிகள் எங்களுக்குப் போன் எடுப்பார்கள். எங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள் பேசி நேரம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். நான் சுப்பவைசர். முதலாளி ரிஸ்வான் என்னைவிட இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பஸ் ஒழுங்காக ஓடவில்லை. பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. ஒருநாள் காலையில் ரிஸ்வான் சொன்னார்:

"அக்கா, ஒஃபிஸை மூடுவோம். லெப்டொப்பையும் ஹெட்செட்டையும் குடுத்து எல்லாரையும் ஊட்டுல இருந்தே வேல செய்யச் செல்லுவோம். கோல் எல்லாம் இன்டர்நெட்லதானே வருது?"

"கரண்ட் போனா என்னங்க செய்றது?"

"எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல போறல்லயே. கரண்ட் ஈக்கிறவங்க எடுக்கட்டும்."

மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து வேலை நேரம் போட்டேன். மடவளையில் கரண்ட் இல்லாதபோது வத்தேகமப் பிள்ளை எடுக்கும்; அங்கேயும் போனால், பிலிமத்தலாவையில் என் வீட்டில் நான். கடதாசியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பயம் விடவில்லை. ஒஃபிஸில் ஒரு பிள்ளை தடுமாறினால் முகத்தைப் பார்த்தே எழும்பிப் போவேன். வீட்டில் லெப்டொப் திரையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருக்கிறார் என்று ஒரு பச்சைப் புள்ளி மட்டும்தான் தெரியும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன், சமைத்தேன். குளிக்கப் போனால்கூட மனம் அதிலேதான்.

பச்சைப் புள்ளி

ஒரு மத்தியானம் என் கைபேசி அடித்தது. மடவளையில் இருந்து வேலை செய்யும் நஸ்ரீனா. குரல் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, சொல்லாம கரண்ட் போய்ட்டு! ரவுட்டர் ஓஃப். ஒரு வாப்பா பேசிட்டு இருந்தார், புள்ளைக்கு வலிப்பாம். நம்பர் எனக்குத் தெரியாக்கா... போன்ல சிக்னலும் இல்ல, பக்கத்து ஊட்டு மேல்மாடி சிலெப்புக்கு ஏறித்தான் எடுக்கிறேன்..." அழுதாள். அதோடு அந்த லைனும் போனது.

சிஸ்டத்தைத் திறந்தேன். அவளுடைய கடைசி அழைப்பின் நம்பர் இருந்தது. எடுத்தேன். எங்கேஜ். திரும்ப எடுத்தேன். எங்கேஜ். அந்தத் தகப்பன் வேறு யாரோடு பேசுகிறார்? அப்போதுதான் திரையைக் கவனித்தேன். அதே நம்பர் எங்களைத்தான் அழைத்துக்கொண்டிருந்தது. நஸ்ரீனாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இன்னும் அணையவில்லை. அவள் அங்கே இருப்பதாக நினைத்து, சிஸ்டம் அந்த அழைப்பைத் திரும்பத் திரும்ப அவளிடமே அனுப்பியது. கரண்ட் இல்லாத ஒரு வீட்டில், இன்டர்நெட் அறுந்துபோன ஒரு லெப்டொப்புக்கு.

அவளை நானே சிஸ்டத்திலிருந்து லொக் அவுட் செய்தேன். அடுத்த நொடி என் ஹெட்செட்டில் மணி அடித்தது.

"மெடம், ஏங்க கட் பண்ணினீங்க? புள்ளைக்குக் கை காலெல்லாம் இழுக்குதுங்க! காய்ச்சல் நெருப்பாக் கொதிக்குது!"

"நாங்க கட் பண்ணலங்க, கரண்ட் போயிருச்சு. நான் லைன்லயே இருக்கேன். எந்த இடம்?"

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். போன தடவை பிள்ளைக்கு எங்கள் மூலம் டொக்டர் நேரம் எடுத்தவராம். பதற்றத்தில் கைக்கு வந்தது அந்த நம்பர்தான்.

"புள்ளைய ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீங்க."

மற்றக் கையால் கைபேசியை எடுத்து அம்புலன்ஸுக்குச் சொன்னேன். வழி கேட்டார்கள். ஒரு காதில் கேட்டு மறு காதில் சொன்னேன். அம்புலன்ஸ் வருகிறது என்று அவரிடம் சொன்னேன். அந்த மனிதரின் மூச்சு மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் கரண்ட் போகக்கூடாதே என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பிள்ளை அழுதது. ஒரு அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டதே இல்லை.

மறுநாள் அவரே எடுத்தார். காய்ச்சலால் வந்த வலிப்பாம். வார்டில் இருக்கிறார்களாம், பிள்ளை பிஸ்கட் கேட்கிறதாம்.

நஸ்ரீனா

அவள் வேலையை விடுகிறேன் என்று சொன்னாள். "அந்த வாப்பாட சத்தம் காதுலயே ஈக்கிக்கா. நான் போனை வச்சிட்டேன்னுதானே நெனச்சிருப்பார்?" நான் சமாதானம் சொல்லவில்லை. மடவளைக்குப் போய், அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, இனி என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்டேன்.

"கோல் வந்ததும் மொதல்ல நம்பரையும் ஊரையும் கேப்போம்க்கா. கேட்டு கடதாசில எழுதி வெப்போம்."

ரிஸ்வான் ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஒரு சின்ன பெட்டரி வாங்கிக் கொடுத்தார். நான் ஆட்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தேன். ஒருத்தியின் லைன் சத்தமில்லாமல் போனால், மற்றவள் உடனே அவளைத் தேடவேண்டும். அவளை லொக் அவுட் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும். ஒஃபிஸில் இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்துக் கதிரையில் ஆள் இருந்ததால் தானாக நடந்தது. ஒஃபிஸை மூடுகிறவர்கள் லெப்டொப்பை எண்ணிக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கதிரைக்குப் பதிலாக யார் என்று கேட்பதில்லை.

நஸ்ரீனா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். "லைன் கட்டானா நாங்களே திருப்பி எடுப்போம், பயப்படாதீங்க," என்றுதான் எல்லோரிடமும் பேச்சைத் தொடங்குவாள். மரியாதையான பிள்ளை என்று கிளினிக்காரர்கள் மெச்சுவார்கள். அது மரியாதை மட்டும் இல்லை, பயமும்தான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் போய்விட வேண்டாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.