என் கையெழுத்துக்கு அனுமதி இல்லை

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, என் கையெழுத்து வேலை செய்யவில்லை.

பேனாக் கையெழுத்து இல்லை. டில்லி லோதி ரோடு ஆபீஸில் எங்களுக்கு இப்போது டிஜிட்டல் கையெழுத்துதான். சுண்டுவிரல் அளவு யுஎஸ்பி டோக்கன். கம்ப்யூட்டரில் செருகிப் பின் நம்பரைத் தட்டினால் போதும். அன்று செருகினேன்... ஒன்றும் நடக்கவில்லை.

எதிரே செல்வராஜ் நின்றுகொண்டிருந்தார். என் செக்‌ஷனில் சீனியர் அசிஸ்டென்ட், திருநெல்வேலிக்காரர். மறுநாள் காலை அவர் மனைவிக்கு இதய வால்வு ஆபரேஷன். செலவை ஆபீஸ் ஏற்கும் என்ற அனுமதிக் கடிதம் என் டிஜிட்டல் கையெழுத்துடன் ஒரு மணிக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தவறினால் அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்.

"சார், மணி பன்னெண்டே கால் ஆயிட்டு..."

கோடையில்தான் கம்ப்யூட்டர்களை எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தேன். முன்பக்க ஓட்டை, பின்பக்க ஓட்டை, ஊதிப் பார்ப்பது, ரீஸ்டார்ட். பக்கத்து மேஜையிலும் அதே கதை. லினக்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினேன். செல்வராஜ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்த இன்ஜினீயர் பூனம் வந்தார். கறுப்புத் திரையில் எதையோ தட்டினார். யுஎஸ்பி பட்டியல் வந்தது. அட, அதில் என் டோக்கன் பெயர் இருக்கிறதே! இன்னொரு கட்டளை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"டோக்கன் டீக் ஹை சார். லினக்ஸ் பீ டீக் ஹை. பர்மிஷன் நஹீ ஹை."

அதாவது, டோக்கனிலும் கோளாறு இல்லை, லினக்ஸிலும் இல்லை. டோக்கன் வந்திருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். உள்ளே விடத்தான் அனுமதி இல்லை. கீபோர்டு, மவுஸ் தவிர எதையும் விடக் கூடாது என்ற உத்தரவு அன்று காலை முதல் அமலாம்.

எந்த மகானுபாவன் போட்ட ஆர்டர் என்று கத்தினேன். பூனம் சர்க்குலரைத் திறந்து காட்டினார். கீழே கையெழுத்து — என்னுடையது.

இரண்டு மாதத்துக்கு முன், லஞ்சுக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்ட முப்பது கையெழுத்தில் ஒன்று. நான்காவது பத்தி சொல்கிறது: விலக்கு வேண்டுமென்றால், உத்தரவிட்ட அதிகாரி டிஜிட்டல் கையெழுத்திட்டு அனுமதிக்கலாம். எதை வைத்து? இதோ, இந்த டோக்கனை வைத்து!

"நீங்களே திறந்துவிடுங்களேன்" என்று பூனத்திடம் ஹிந்தியில் கெஞ்சினேன்.

"நௌக்ரி சலீ ஜாயேகீ, சார்."

வேலை போய்விடும்தான். ஐந்தாவது பத்தி அதைத்தான் சொன்னது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"டிராஃப்ட் போட்டது நாந்தான் சார்" என்றார் செல்வராஜ். "வேற ஆபீஸ் சர்க்குலரப் பாத்து அப்படியே அடிச்சேன். படிச்சுப் பாக்கல." திரையையே வெறித்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "சார்... கடைசி பத்தியில பெரிய சார் ரூமுக்கு மட்டும் விலக்கு உண்டும்லா?"

இல்லாமல் இருக்குமா? டில்லியில் எந்தத் தடை உத்தரவாக இருந்தாலும் கடைசி பத்தி பெரிய சாருக்குத்தான்.

மூன்று மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, படியில் ஓடினோம். பெரிய சார் டூரில் இருந்தார். அவருடைய பி.ஏ. போன் போட்டுச் சம்மதம் வாங்குவதற்குள் மணி பன்னிரண்டு ஐம்பது. செருகினேன். டோக்கனில் பச்சை விளக்கு எரிந்தது. அதே லினக்ஸ்தான்! பின் நம்பரை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். ஒரு மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கடிதம் போய்விட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் மனைவி இப்போது ஜனக்புரி வீட்டில் மெல்ல நடமாடுகிறார். செல்வராஜ் லீவு முடிந்து வரும்வரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் நான் மூன்று மாடி ஏறினேன். எனக்கு வேண்டியதுதான்.

இந்தத் திங்கட்கிழமை, செல்வராஜ் திருத்திய உத்தரவை பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தார். வழக்கமாகத் திரையில், கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவார். இந்தத் தடவை முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார் — நான் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.