சீதன வீடும் ஐந்து கட்டங்களும்

வினாக்கொத்தைச் சுமந்து வீடு வீடாக ஏறும் தொழிலில் வெயிலைத் தாங்கிவிடலாம், விடைகளைத் தாங்குவதுதான் கடினம். அத்தொழிலில் அகப்பட்ட அன்பர்கள் இதனை ஒப்புவார்கள்.

ஓய்வுபெற்ற பின் என்னை இதில் இழுத்துவிட்டவர் என் பழைய மாணவி. இன்று சமூகவியல் விரிவுரையாளர். மனிதர் இலாப நட்டத்தை எடைபோட்டே எதையும் தெரிவு செய்கின்றனர் என்பது அவர் நம்பும் பகுத்தறிவுத் தெரிவுக் கோட்பாடு. அதனை எமது கிழக்கிலங்கைக் கரையோரத்தில் சோதிக்க அவர் எடுத்துக்கொண்ட வினா ஒன்றே: தாம் வாழும் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டுப் பெற்றோர் பின்கட்டுக்குப் போவது ஏன்? விடைக்கு ஐந்து கட்டங்கள்: முதுமையில் பராமரிப்பு, நல்ல மாப்பிள்ளை, ஊர் மதிப்பு, பிணக்கின்மை, வேறு (விளக்குக).

நான் உடன்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் ஒரே மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. என் உழைப்பில் எழுந்த வீட்டின் உறுதிப்பத்திரமோ இன்னும் என் பெயரிலேயே இருந்தது.

மூன்று வீடு கொடுத்தவர்

நிந்தவூரில் ஒரு விவசாயி. மூன்று புதல்வியருக்கும் வீடு கொடுத்துவிட்டு, மூன்றாவது வீட்டின் பின்னால் தகரக் கொட்டிலில் இருக்கிறார். "இதனால் தாங்கள் அடைந்த இலாபம் யாது?" என்று வினவினேன். என்னை இரக்கத்துடன் பார்த்தார்.

"வேளாம வெட்ட மெசின் புடிக்கிறதா, ஆள் புடிக்கிறதா எண்டு கேளுங்க டீச்சர், கணக்குப் பாத்துச் சொல்றன். பொம்புளப் புள்ளைக்கு ஊடு குடுக்கிறதுக்கும் கணக்கா?"

ஒரே ஒரு புள்ளடி

அட்டாளைச்சேனையில் தையல் வேலை செய்யும் பெண் ஐந்து கட்டங்களிலும் புள்ளடியிட்டார். ஒன்றில் மட்டுமே இடலாம் என்று கண்டிப்பாகக் கூறினேன். அவரும் என்னிடம் படித்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அப்பயும் நீங்க இப்பிடித்தான் டீச்சர். சரியான விடை நாலு இரிந்தாலும் ஒண்டுக்குத்தான் புள்ளி."

மாற்று வழி

கல்முனையில் ஒரு மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். அங்கும் வீடு மகளுக்கே போயிருந்தது. "கொடுக்காமல் விடும் தெரிவைத் தாங்கள் பரிசீலித்ததுண்டா?" என்ற துணைவினாவை, அச்சிட்டிருந்தவாறே, பிழையின்றி வாசித்தேன். அம்மையார் கிணற்றடியிலிருந்த கணவரை உரத்துக் கூப்பிட்டார்.

"இஞ்ச ஓடி வாங்க! குடுக்காமலும் விட்டிருக்கலாமாம். இப்பதான் ஒரு ஆள் வந்து சொல்றா!"

கோட்பாட்டுக்கு வந்த சோதனை

படிவங்களைப் புரட்டிய விரிவுரையாளரின் முகம் வாடியது. பெரும்பாலானவை ‘வேறு’ என்ற கட்டத்தில் விழுந்திருந்தன. விளக்கத்துக்குரிய கோடு வெறுமையாயிருந்தது. ஆயினும் அவர் விரைவில் தேறினார். ஊருக்கு அஞ்சுவதும் இலாபமே, பிள்ளைப் பாசமும் இலாபமே, ஆகவே கோட்பாடு தப்பிப் பிழைத்தது என்றார். எதை எழுதினாலும் சரியாகிவிடும் வினாவை நான் ஒருநாளும் வினாத்தாளில் சேர்த்ததில்லை என்றேன். அவர் சிரித்தபடி ஒரு வெற்றுப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒண்டு குறையுது டீச்சர். ஒங்கட ஊட்டயும் சேத்திருவமே?"

என் படிவம்

படிவத்தை நிரப்புமுன் வேறொரு தாளை நடுவே கோடிட்டுப் பிரித்தேன். ‘கொடுக்காதே’ என்ற பக்கத்தில் என் அறை, என் நூல்கள், சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிடும் அச்சம் என்று பதினொரு காரணங்கள் இலக்கமிட்டு இறங்கின. ‘கொடு’ என்ற பக்கத்தில் ஒன்றுமே எழுத வரவில்லை. ஒரு வாரம் அதனையே பார்த்திருந்தேன்.

பின்பு நொத்தாரிசிடம் சென்று, வீட்டை மகள் பெயருக்கு மாற்றும் உறுதியில் ஒப்பமிட்டேன். வீடு திரும்பியபோது மகள் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண் கலங்க நின்றாள்.

"உம்மா, இந்தப் பக்கம் ஒண்டுமே இல்லியே. பொறகு என்னத்தப் பாத்துக் கையெழுத்து வெச்சீங்க?"

வெற்று விடைக்கு வாழ்நாள் முழுதும் பூச்சியமே இட்ட நான், ‘வேறு’ என்பதில் புள்ளடியிட்டு, விளக்கத்துக்குரிய கோட்டை வெறுமையாகவே விட்டுப் படிவத்தை விரிவுரையாளரிடம் கையளித்தேன்.