‘விடுங்கோ’ என்றொரு ஏவுகணை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பகலெல்லாம் கல்யாணம் பண்ணிவைத்தேன். சாயங்காலமானால் போர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தினேன். இரண்டுக்கும் ஒரே மேஜை, ஒரே கம்ப்யூட்டர்.

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் சந்தொன்றில், மாடிப் போர்ஷன் எங்களுடையது. கூடத்து ஜன்னலோரம் என் மேஜை. சுற்றுவட்டாரத்து அச்சகங்களுக்கு நான்தான் கல்யாணப் பத்திரிகைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். ‘பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு’ என்ற வரியை ஒரு தடவை அடித்து வைத்துக்கொண்டால் போதும். மேலே கீழே பெயர்களை மாற்றிக்கொண்டே போகலாம். எத்தனையோ பேரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். முகம் தெரியாது, பொருத்தம் தெரியாது, எழுத்துப் பிழை மட்டும் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கோத்துக் கொண்டுவந்து வைத்தவர் தி. நகரில் சின்னதாகக் கடை போட்டிருந்தவர். எல்லா ஒயர்களையும் சொருகி முடித்தபின், ஏதோ பிரசாதம் கொடுப்பதுபோல, ஒரு ஜாய்ஸ்டிக்கை மேஜைமேல் வைத்தார்.

“அக்கா, ஒரு கேமு போட்டுக்கீறேன். சும்மா இருக்கட்டும். சண்டை பிளேனு. இந்தா, ரேடார்ல புள்ளி தெரியுதா? அதான் எதிரி.”

“எங்கே? பிளேன் ஜன்னல்ல வெறும் வானம்தானே இருக்கு?”

“கண்ணுக்கெல்லாம் ஆப்ட மாட்டான்க்கா. அவன் கண்ணுக்கும் நீ ஆப்ட மாட்டே. இப்பல்லாம் சண்டையே அப்டித்தான். டொய்ங்னு ஒரு சத்தம் வரும். மாட்டிக்கினான்னு அர்த்தம். வுட்டுடு.”

“மாட்டினவனை எதுக்கு விட்டுடணும்?”

“ஐய! அவனை வுடறதில்லக்கா. மிசைலை வுடு!”

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அந்த வார்த்தை திரும்பி வந்து என் தலையில் விழப்போகிறது என்று ரேடாரில் எதுவும் தெரியவில்லை.

விளையாட்டு எனக்கு வந்துவிட்டது. சங்கீதம் வராத விரல்களுக்கு இது எப்படி வந்தது என்று அம்மாவுக்குத் தீராத மனக்குறை. பத்திரிகை அடித்துப் பழகிய விரல்கள் விசைகளைப் பார்க்காமலே ஓடின. நம்மைத் துரத்தும் கணையை ஏமாற்ற நெருப்புப்பொறிகளைக் கொட்ட வேண்டும். என்ஜினின் சூட்டைத் தேடி வருகிற கணை அந்தச் சூட்டின் பின்னால் போய்விடும். அந்தப் பொறிக்கு உரிய விசை ‘எஃப்’. தமிழ்த் தட்டச்சில் அதே விசை ‘க’. ‘கல்யாணம்’ என்று தொடங்க எதை அழுத்துவேனோ, உயிர் தப்பவும் அதையே அழுத்த வேண்டும். இதைச் சிந்திக்க எனக்கு வயதும் போதவில்லை, நேரமும் இல்லை. சுட்டுக்கொண்டிருந்தேன்.

நவீன வான்போரில் எனக்குப் பிடித்தது அதன் நாகரிகம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. மேகத்துக்கு அப்பால் எங்கோ ஒரு புள்ளி. அதன் வேகம், உயரம், திசை எல்லாம் எண்களாக முன்கூட்டியே வந்துவிடுகின்றன. பொருந்தி வந்தால் ஒலி கேட்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு நாம் பாட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். கணை தானே கண் திறந்து, தானே தேடிக்கொண்டு போகும். எங்கள் வீட்டில் ஜாதகம் வெளியே போவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அப்படி அனுப்பிய ஜாதகம் ஒன்று மேற்கு மாம்பலத்தில் போய் விழுந்தது. பையனுக்குப் பூனாவில் வேலை. பொருத்தம் பிரமாதம். பெண் வேலைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை என்று பையனின் அம்மா பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

“அப்போ இந்த மேஜை?” என்றேன்.

“கம்ப்யூட்டரை யாருக்காவது குடுத்துட்டாப் போச்சு,” என்றாள் அம்மா, பழைய குக்கரைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு அந்த மேஜை வேண்டும். ஊர்க் கல்யாணங்களில் என் பெயர் இல்லாவிட்டாலும் என் விரல் இருந்தது. ஆனால் பெண் ‘வேண்டாம்’ என்று சொல்வது எங்கள் வீட்டு விசைப்பலகையில் இல்லாத எழுத்து. மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்ல வேண்டும். எனவே அவர்களைச் சொல்ல வைப்பது என்று தீர்மானித்தேன்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா. பஜ்ஜி வந்தது. வழக்கமான கேள்வியும் வந்தது.

“குழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே,” என்றார் பையனின் அம்மா.

“பாட்டு வராது. கம்ப்யூட்டர் நன்னா வரும்,” என்றாள் அம்மா அவசரமாக.

“அப்போ அதைக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கோ,” என்றார் பையனின் அப்பா. அவர் சிரித்ததும் என் அப்பாவும் கடமைக்குச் சிரித்தார்.

அம்மா நினைத்தது ஓரத்தில் மாவிலை போட்ட ஒரு பத்திரிகை மாதிரியை. நான் திறந்தது ஓடுபாதையை. கூடத்தில் ஜெட் என்ஜின் உறுமியது. பையனின் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டார், நிஜமாகவே காற்றடித்ததுபோல. சண்டை விமானம் ஓட்டுகிற பெண். இதைவிட நல்ல மறுப்புக்கடிதம் யாரால் எழுத முடியும்?

அப்போதுதான் பையன் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார்.

“இது நீங்க ஆடறதா?”

“ஆமாம்.”

“எங்க ஆபீஸ்லயும் இருக்கு. ரெண்டாவது மிஷனையே என்னால தாண்ட முடியலை. ஒவ்வொரு தடவையும் பின்னாலேர்ந்து ஒருத்தன் வந்து அடிச்சுடறான்.”

“நெருப்புப்பொறி விட மாட்டேளா?”

“கை ஸ்டிக்லயே இருக்கே. கீபோர்டுக்கு வரதுக்குள்ள முடிஞ்சுடும்.”

“அப்போ ஸ்டிக்கை நீங்க பிடியுங்கோ. கீபோர்டை நான் பாத்துக்கறேன்.”

யார் இதைச் சொன்னது என்று இன்றுவரை எனக்கு வியப்பு. என் வாய்தான். பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பெரியோர்களால் நிச்சயிக்கப்படுவதற்கு முன்பே ஒரே விமானத்தில் ஏறிவிட்டோம்.

அவர் மோசமான விமானி. ஆனால் பணிவான விமானி. “இடது பக்கம் வளையுங்கோ” என்றால் வளைந்தார். “மூக்கைத் தூக்குங்கோ” என்றால் தூக்கினார். ஜாய்ஸ்டிக்கில் பஜ்ஜி எண்ணெய் மினுங்கியது. ரேடாரில் ஒரு புள்ளி, ஒலி, கணை போனது, புள்ளி மறைந்தது. “அடேயப்பா,” என்றார் அவர் தனக்குத்தானே. உடனே சிவப்பு விளக்கு அலறியது. பின்னாலிருந்து கணை. அவர் உறைந்துபோனார். என் விரல் தானாகப் போய் ‘க’வை அழுத்தியது. பொறிகள் பூத்துச் சிதற, கணை அவற்றின் பின்னால் போய் வீணாயிற்று.

“தேங்க்ஸ்,” என்றார். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

மேகத்துக்கு அப்பாலிருந்த புள்ளி திடீரென்று கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. நான் போட்ட திட்டத்தில் இது இல்லை. அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், மேஜையைத் தூக்கிக்கொண்டே பூனாவுக்கு ரயிலேறியிருப்பேன்.

அடுத்த புள்ளி ரேடாரில் வந்தது. அவர் உற்சாகமாகக் குறி வைத்தார். டொய்ங். அப்போதுதான் கவனித்தேன். அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் இருந்தது. வட்டமிருந்தால் நம் விமானம். எங்களுக்குத் துணையாகக் கூடவே பறந்து வந்தவன்.

“ஐயோ, விடுங்கோ! விடுங்கோ!” என்று கத்தினேன்.

விட்டார்.

ஏவிய கணையைத் திரும்பக் கூப்பிட முடியாது என்பதுதான் அதன் நவீனம். வெண்புகை கோடிழுத்துக்கொண்டு போயிற்று. தூரத்தில் சின்னதாக ஓர் ஆரஞ்சுப் பூ. துணைவிமானியின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

“என்னடா ஆச்சு?” என்றார் அவருடைய அப்பா.

“கூட வந்தவனைச் சுட்டுட்டேம்பா.”

“எதுக்குடா?”

“இவாதான் விடுங்கோன்னா.”

“நான் அவனை விட்டுடுங்கோன்னு சொன்னேன்!” என்றேன்.

“ஓ,” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “நான் மிசைலை விடச் சொல்றேள்னு...”

என் அப்பா பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். இத்தகைய தருணத்துக்காகவே வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர்போலத் தொண்டையைச் செருமினார். “குழந்தைகள் மேல தப்பில்லை. எதை விடணும்னு செயப்படுபொருளைச் சொல்லாததுனால வந்த குழப்பம். ‘விடு’ங்கறது பொல்லாத வினைச்சொல்.”

“செத்தவனுக்கு இலக்கணம் சொல்றேளே,” என்றாள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு.

நானும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அடக்க அடக்கப் பீறிட்டது. பையனின் அப்பாகூடச் சிரித்தார். பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காப்பி டம்ளரைப் பாதியில் கீழே வைத்துவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது, “கலந்துண்டு சொல்றோம்,” என்றார்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான உறவுக்கார மாமி ஒருத்தி மூலமாகப் பதில் வந்தது. வேண்டாமாம். என்ன குறையாம் என்று அம்மா குடைந்ததில் மாமி பையனின் அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்: “அவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரதுக்குள்ள, என்ன ஏதுன்னு கேக்காம சுடறான். இன்னிக்குக் கூட வந்தவனை. நாளைக்கு என்னை.”

போர்த்தந்திரம் தெரிந்த பெண்மணி. நான் கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டது. மறுப்பு அவர்கள் பக்கமிருந்துதான் வந்தது. மேஜை பிழைத்தது. பிறகு ஏன் இரண்டு நாளாகப் பத்திரிகைகளில் ஒற்றுப்பிழையாக விட்டுக்கொண்டிருந்தேன் என்பதற்கு அப்பாவின் இலக்கணத்தில் விடை இல்லை.

அப்புறம் பையனே தொலைபேசினார்.

“அம்மா வேண்டாம்ங்கறா. எனக்கு அப்படித் தோணலை,” என்றார். “இன்னொரு தடவை அவகிட்டப் பேசிப் பாக்கறேன். நீங்க சரின்னு சொன்னா.”

அம்மா அடுக்களையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கழுத்து சுட்டது.

“பூனாவுக்கு என் கம்ப்யூட்டர் வருமா?” என்று கேட்டேன்.

“அதை எதுக்குத் தூக்கிண்டு வரணும்? புதுசா நான் வாங்கறேன். தினம் ரெண்டு பேரும் ஆடலாம்.”

“அதுல நான் வேலை பண்ணலாமா? பத்திரிகை அடிக்கறது?”

“பத்திரிகையா?” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “அங்கே நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?”

எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்பதுதான் கொடுமை. நல்ல மனிதர். அவர் என்னைப் பற்றிப் பார்த்ததெல்லாம் அந்தச் சாயங்காலம் ரேடாரில் தெரிந்தது மட்டும்தான்.

“விடுங்கோ,” என்றேன்.

‘எந்த விடுங்கோ?’ என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சிரித்திருப்பேன், சிரித்திருந்தால் என்னவாகியிருக்குமோ. அவர் கேட்கவில்லை.

“சரி,” என்றார். ரிசீவரை மெல்ல வைக்கும் சத்தம் கேட்டது.

இந்தத் தடவை சரியாகப் புரிந்துகொண்டுவிட்டார். தப்பாகப் புரிந்துகொண்டபோது இருந்த அழகு அதில் இல்லை.

மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். யாருடையதோ பத்திரிகை பாதியில் நின்றிருந்தது. அடுத்த எழுத்து ‘க’. அழுத்தினேன். திரையில் எழுத்துதான் வந்தது. பொறி எதுவும் பறக்கவில்லை.