வயிற்றில் விழுந்த கோடு

யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று கம்பெனி வாசலில் சுண்ணாம்புத்தூள் தூவியிருந்தார்கள். அந்த வாசனை, ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த என்னைப் பதினாறு வயதுக்கு இழுத்துப் போய்விட்டது. இப்போது தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் ஷாப் நிற்கும் இதே இடத்தில்தான், நெருஞ்சி முள்ளும் வலையில்லாத சவுக்குக்கம்பு கோல்களும் தூறலுக்கே கரைந்துபோகும் சுண்ணாம்புக் கோடுகளுமாக, ஒரு ஃபுட்பால் மைதானம் கிடந்தது. எங்கள் பாலிடெக்னிக்கின் கோல்கீப்பர் நான். வேறு யாரும் அந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதே என் தகுதி.

பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜோடு ஃபைனல். ரெஃப்ரி வராததால் எங்கள் பி.டி. மாஸ்டர் டேனியல் சாரே விசிலை எடுத்தார்.

"சொந்தக் காலேஜுக்குத்தான் ஊதுவாரு, பாத்துக்கினே இரு" என்று எதிர்க்கூட்டம் ஆட்டம் முழுக்கக் கத்தியது.

கடைசி நிமிஷத்தில் வந்த பந்தைக் கைநீட்டிப் பிடித்து, கோலுக்குள் பார்த்தபடி குப்புற விழுந்தேன். என் கனத்தில் கோடே அழிந்துபோனது. அந்தத் தைரியத்தில், "உள்ள போவல சார்" என்று சாதித்தேன்.

சார் என்னை எழுப்பி நிறுத்தி, பனியனைப் பார்த்தார்.

"கோடு உன் வயித்துல கீது. பந்து உன் தலைக்கு அந்தாண்ட இருந்துச்சு. அப்ப எங்கடா போச்சு?"

கோல் என்று ஊதினார். எதிர்க்கூட்டம் துள்ளிக் குதித்தது. நாங்கள் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை, என் பக்கத்திலும்தான். நானே போய் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கமிருந்து திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாட்டி வெளிய பாத்து வுழுடா."