பிடி அரிசியும் என் சுண்டு விரலும்

ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கி முழங்காலில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. பக்கத்தில் இருந்த ரெஜினாக்கா, நான் ஏதோ பெரிய வேண்டுதலில் மூழ்கிவிட்டேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றாராம். அறிவிப்பு முடிந்து, ஆசீர் முடிந்து, கடைசிப் பாட்டும் முடிந்த பிறகுதான் குனிந்து என் காதில் சொன்னார்.

"டெக்ளா, அப்படி என்னாடி வேண்டுதல்? போதும், எழுந்துரு. மார்க்கெட்ல கூட்டம் சேந்துடும்."

"கால் வர்ல அக்கா," என்றேன்.

இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பாதத்தில் ஊசி குத்துவது போல இருந்தது. நான் தையல்காரி. கடலூர் முதுநகரில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். ஊசி குத்துவதெல்லாம் எனக்கு ஒரு செய்தியா? அதற்கும் முன்பு வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்திருந்தேன். அந்த அசதிதான் என்று நினைத்து, ஈஸ்டர் துணிகளை முடிக்கிற மும்முரத்தில் இருந்துவிட்டேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான். கால் மரத்து, அந்த மரப்பு மேலே ஏறுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துணி காத்திருக்கும்.

என் கணவர் அந்தோணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அத்தை மகன், அதனால் எனக்கு என்றைக்கும் மாமாதான். நான் எதற்கெடுத்தாலும் "சாமி பாத்துப்பாரு" என்று சொல்லும் ஆள். அவர் உடனே, "ஆமா, சாமி வந்து ஆட்டோவுக்கு டீசல் போடுவாரு" என்பார். எங்கள் மகள் பாப்பா பிளஸ் டூ படிக்கிறாள். இந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள்.

மாமா என்னைக் கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் காட்டியதும், பக்கத்து ஆஸ்பத்திரியில் தாமதிக்காமல் சிதம்பரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஜெபமாலை என் கையில் இருந்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. எடுக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். கால் போனால் ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டு உட்கார்ந்து தைக்கலாம். கை போனால் தையல்காரி என்ன செய்வாள்?

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) எடுத்துப் பார்த்தார்கள். நரம்புகளில் லேசாக மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். கில்லன் பாரே சிண்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்).

"யாரு டாக்டர் இது, வெள்ளக்காரனா?" என்று கேட்டார் மாமா.

"கண்டுபுடிச்சவுங்க பேருங்க. பயப்படாதீங்க, பெரும்பாலானவுங்க எழுந்து நடந்துடுவாங்க. ஆனா நாளாகும். இப்போதைக்கு நான் பாக்க வேண்டியது இவுங்க மூச்சத்தான்."

மரப்பு மார்புவரை ஏறினால் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடுமாம். அதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று வைத்திருந்தார். நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எத்தனை வருகிறது என்று அவர் குறித்துக்கொள்வார்.

"டாக்டரம்மா, எண்றதுக்குப் பதிலா மங்கள வார்த்தை ஜெபம் சொல்லட்டுமா? அத ஒரே மூச்சுல சொல்லி எனக்குப் பழக்கம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதாவிடம் வேண்டும் அந்தச் சின்ன ஜெபம் அவருக்குத் தெரியாது, அதனால் கூட இருந்த நர்ஸைக் கேட்கச் சொன்னார். அன்று ஆமென் வரை வந்தேன். மறுநாள் காலை பாதி ஜெபத்தில் நின்றுவிட்டது. மதியம் கால்வாசிகூட வரவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். கட்டில் ஓரத்தில் வென்டிலேட்டரை (நமக்காக மூச்சு விடும் கருவி) கொண்டுவந்து தயாராக நிறுத்தினார்கள்.

மாமாவை ஒரு நிமிடம் உள்ளே விட்டார்கள். என் தலையைத் தடவி, "டெக்ளா, சாமி பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார். எனக்குப் பயம் இன்னும் ஜாஸ்தியானது. இந்த மனிதரே சாமியைக் கூப்பிடுகிறார் என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா என்று படுத்துக்கொண்டே யோசித்தேன்.

மருந்து கண்ணாடிப் புட்டிகளில் வந்தது. இம்யூனோகுளோபுலின் என்று பெயர். எதில் செய்வது என்று கேட்டேன். மேலே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவளுக்கு வேறென்ன வேலை?

"ரத்ததானம் குடுக்குறாங்க இல்ல, அந்த மாதிரி ஆயிரக்கணக்கான பேர் குடுத்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுச் சேக்கறது," என்றார் டாக்டரம்மா.

"அப்ப இது பிடி அரிசி மாதிரி," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் அன்பியத்தில் (ஒரு தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்துவிடுவோம். அது சாமியின் பங்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லா வீட்டுப் பிடியும் என் சமையலறையில் இருக்கும் நீல ட்ரம்மில் வந்து சேரும். மாதக் கடைசியில், அப்போது கஷ்டத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டு செல்வி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், அவளும் கொண்டுவந்து போடுவாள். பல வருஷமாக அந்த ட்ரம்மைப் பார்த்துக்கொள்வது நான்தான். மூச்சு வாங்க வாங்க இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பேசாமல் படுக்கச் சொன்னார்கள்.

முன்பின் தெரியாத யார் யாரோ கொடுத்தது சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. வென்டிலேட்டர் கடைசிவரை வேலை இல்லாமல் நின்றது. சில நாளில் ஜெபம் பாதியைத் தாண்டியது. டூட்டி மாறி வரும் நர்ஸுகள், "ஆமென் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார்கள். அது வந்த அன்று என்னை வார்டுக்கு அனுப்பினார்கள். மூச்சு திரும்பிவிட்டது. கையும் காலும் மட்டும் என்னோடு சேராமல் தனியாகப் படுத்திருந்தன.

வார்டில் என் தங்கை கூட இருந்தாள். மாமா தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் கஞ்சி கொண்டுவருவார். அதற்கு முன் சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர். தங்கை முதல் ஸ்பூனை ஊட்டியதுமே எனக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. சில பருக்கைகள் குழைந்து கரைந்தன. சில விறைப்பாக நின்றன. இட்லி அரிசி ருசி ஒரு பக்கம், பொன்னி ஒரு பக்கம், ரேஷன் அரிசி வாசனை ஒரு பக்கம்.

"மாமா, இது எந்த அரிசி?"

"வீட்டு அரிசிதான். நீல ட்ரம்ல இருக்கே, அது."

தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கை வரவில்லை.

"அது கோயில் அரிசி மாமா. நம்ம அரிசி கட்டிலுக்கு அடியில மூட்டைல இருக்கு. சாமி பங்க எடுத்து வடிச்சுத் தின்னுக்கினு இருக்கீங்களே."

அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார். "டெக்ளா, ஒண்ணு சொல்றேன். நானும் பாப்பாவும் தெனம் சாப்புடறோம், ஒனக்கும் கொண்டாறேன். அந்த ட்ரம்ல அரிசி கொறயவே மாட்டேங்குது. மொதல்ல பாதிதான் இருந்துச்சு. இப்ப முக்காவாசி இருக்கு. சாமி பண்ற புதுமை, அற்புதம்னுதான் நெனச்சேன். கோயில்ல போயி மெழுகுவத்திகூட ஏத்திட்டேன்."

டீசல் கணக்குப் பேசிய மனிதர் சொந்த விருப்பத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். அதைக் கேட்டு மகிழக்கூட முடியவில்லை. சாமிக்கு எடுத்து வைத்ததைத் தின்றுவிட்டோமே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கை திரும்பாமல் போனால் இதனால்தான் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. படுக்கையில் கிடக்கும்போது இப்படித்தான் மனம் வேண்டாத இடத்துக்கெல்லாம் போகும். உடனே ரெஜினாக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று மாமாவைத் துரத்தினேன்.

மறுநாள் ரெஜினாக்காவே மீன் குழம்போடு வந்து நின்றார். அன்பியத்தின் தலைவி அவர்தான். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவரிடம் இருக்கும்.

"அந்தோணி எடுக்கறது மொத வாரமே தெரியும்டி," என்றார். "ஞாயித்துக்கிழம அரிசி போடப் போனா ட்ரம்முல பள்ளம். பக்கத்துலயே கஞ்சிப் பானை. அப்பறம் என்னா? இந்த மாசம் எந்த வீட்டுக்குன்னு பேசினோம். எல்லாரும் ஒன் பேரத்தான் சொன்னாங்க. குடுக்கறதுக்கு முன்னாடியே அது எடுத்துக்கினு இருக்கு, நமக்கு வேல மிச்சம்னு உட்டுட்டோம். ஆளுக்கு ரெண்டு பிடியா போட்டோம். செல்வி படியாலயே அளந்து கொட்டுறா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வாங்குவியா? என்னவிடக் கஷ்டப்படறவுங்க இல்லயான்னு ஒரு பிரசங்கம் வெப்ப."

"மாமாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"அதுவே புதுமை நடக்குதுன்னு மெழுகுவத்தி ஏத்திக்கினு நிக்குது. நாம ஏன் கெடுக்கணும்?"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. ரெஜினாக்கா முந்தானையால் துடைத்துவிட்டு, "குழம்பு ஆறுது" என்றார். அன்றைக்கு அந்தக் கஞ்சியை மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவர் போன பிறகு அந்த ட்ரம்மையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் என்னுடைய பிடியும் இருந்தது. வயிற்றுப்போக்கில் படுப்பதற்கு முந்தின நாள்வரை நான் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துப் போட்டது. யாருக்கோ என்றுதான் போட்டேன். எனக்கு இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது, கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் என் நோயைத் தடுக்கவில்லை. ஆனால் நான் விழுவதற்கு முன்பே என் சமையலறையிலேயே, என் கையாலேயே, எனக்குச் சோறு சேர்த்து வைத்திருக்கிறார். மருந்தும் அப்படித்தான், நான் கேட்பதற்கு முன்பே யாரோ கை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் நீல ட்ரம் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் வேறு பெயர் சொல்லிக் கும்பிடலாம். எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தால் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பிறகு பிசியோதெரபி (தசைகளைப் பழக்கும் பயிற்சி) தொடங்கியது. ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். பந்தின் மேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை, விரலும் அசையவில்லை. மாமாவிடம் சொல்லி ஒரு பேசினில் அரிசி கொண்டுவரச் செய்தேன், இந்த முறை மூட்டையிலிருந்து. அதற்குள் கையைப் புதைத்து வைத்தார்கள். பயிற்சி கொடுத்த தம்பி, இதுவும் நல்ல பயிற்சிதான் என்று ஒத்துக்கொண்டார்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. நரம்பு நிதானமாகத்தான் வளரும் என்றார் டாக்டரம்மா. ஒரு காலையில் ஆள்காட்டி விரலுக்கடியில் அரிசி நகர்ந்தது. அடுத்த வாரம் நடுவிரல். கால்கள் அதற்கு முன்பே ஒத்துழைக்க ஆரம்பித்திருந்தன. வாக்கரைப் பிடித்து நடந்து, மழைக்காலம் தொடங்கும்போது வீடு வந்து சேர்ந்தேன். சுண்டு விரல் மட்டும் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டது என்று பாப்பா கேலி செய்தாள்.

வந்த முதல் வாரமே, உலை வைக்கும்போது பிடி அரிசி நானே எடுப்பேன் என்று அடம் பிடித்தேன். எடுத்தேன். விரல் இடுக்கில் பாதி தரையில் கொட்டியது. மாமா துடைப்பத்தோடு வந்தார்.

"ஓட்டப் பிடி," என்றார். "சாமிக்கு இவ்ளோதானா?"

"அவரு பாத்துப்பாரு," என்றேன்.

இப்போது மீண்டும் தைக்கிறேன். கொக்கி கட்டுவதைப் பாப்பா பார்த்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் பிடி அரிசி எடுப்பது எனக்குக் கண் மூடித் திறக்கும் வேலை. கையில் எத்தனை விரல் இருக்கிறது என்ற நினைவே இருக்காது. இன்று ஒவ்வொரு விரலும் தனித்தனியாக வந்து சேர்கிறது. முதலில் கட்டை விரல், பிறகு நடுவில் இருக்கும் மூன்றும். அரிசிக்குள் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். உலை கொதிக்கிறது, மாமா பசி என்கிறார், பாப்பா நேரமாகிறது என்கிறாள். சுண்டு விரல் இன்னும் வரவில்லை. நான் அவசரப்படுவதில்லை. அது வரும்.